இராபர்ட் வைட்டும் அவர்தம் ஓவியரும்

திண்டுக்கல் நகரத்துக் கோட்டைப் பாறைமீது நின்று நோக்குவார்க்கு, மேற்றிசையில் நீலத்திரை விரித்தாற்போலப் பழனி மலைத்தொடர் தோன்றும். மற்றொருபால் சிறுமலை பசுமை போர்த்து நிற்கும். அம்மலைகளில் விளைந்த வாழைக்கனியை நாம் உண்கின்றோம். அங்கிருந்து இழியும் நீரால் நம் கழனிகள் விளைகின்றன. ஆயினும், அம்மலைகளிலும் அவற்றின் அடிவாரத்துச் சமவெளிகளிலும் வளரும் செடிகொடிகளைத் தேடியெடுத்து, ஆராய்ந்து பெயரிட்டு, உருவெழுதுவித்து உலகறியச் செய்தோர் யாவர் என்று ஒருவர் வினவின், நம்மிற் பலர் வாளா இருப்பர். அப்பணியில் தலைசிறந்து நின்றவர் இராபர்ட் வைட் என்னும் வைத்தியர். தாவர நூல் பயில்வோர் அவர் பெயரை நன்கறிவர். ஆனால், அவர் பெருமை அவர் ஒருவரால் மட்டும் ஆயதன்று. நூலறிவும் ஓவியக் கையும் ஒரு கூரையின்கீழ்ப் பல்லாண்டு கூடியிருந்து செய்த வேலையின் பயன் அது. இவ்வுண்மையை உட்கொண்டே அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

வைட் ஸ்காட்லாந்து தேசத்தின் கீழ்ப்பகுதியிலுள்ள மில்டன் என்னும் ஊரில் 1796ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் பிறந்தார். அவர் தந்தையார் வழக்கறிஞர். மக்கட்பேறு மிகுந்த குடும்பம். எடின்பரோ நகரில் கல்வி கற்று, அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் 1818ஆம் ஆண்டு வைத்தியப் பட்டம் பெற்றார். அக்காலத்து வைத்தியம் பயில்வோர் தாவர நூலையும் ஒருங்கே கற்றல் வேண்டும். மருந்துகளிற் பெரும்பாலன வேரும் பட்டையும் இலையுமாக இருந்தமையே அதற்குக் காரணம். ஆகவே நோயைத் தீர்க்கக் கற்றவர் செடியை நேசிக்கவும் கற்றார். மறு ஆண்டே, 1819இல், கிழக்கிந்தியக் கம்பெனியாரின் படையில் உதவி வைத்தியராக அமர்ந்து சென்னை மாகாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23.

செடிகளை ஆராயும் தொழில் இந்நாட்டிற்கு அவரால் புதிதாக வந்ததன்று. தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த வைத்தியர் கோனிக் என்பார், சுவீடன் தேசத்துப் பேரறிஞர் லின்னேயஸின் மாணவர். 1768இல் இங்கு வந்து, தம் ஆசிரியர் வகுத்த முறையைத் தென்னாட்டிற்குக் கொணர்ந்தார். தமிழ் அகராதி தொகுத்தவரென நாம் போற்றும் ராட்லர் பாதிரியாரும் செடி திரட்டுவதிற் பெருவிருப்புடையவரே. சொற்களைத் திரட்டிய கையே செடிகளையும் திரட்டியது என்பது தமிழ் பயிலும் நமக்கு மகிழ்ச்சி தருவதொன்றாம். ராட்லர் 1836ஆம் ஆண்டு சென்னையிற் காலமானார். அவர்தம் முதுமைக் காலமும் வைட்டின் இளமைக் காலமும் இம்மாகாணத்தில் ஒன்றையொன்று தொட்டு நின்றன.

1826ஆம் ஆண்டு கம்பெனியார் வைட்டைச் சென்னையில் இயற்கைப் பொருள்களை ஆராயும் உத்தியோகத்தில் அமர்த்தினர். அவர் தென்பகுதிகளிற் சுற்றுப்பயணம் செய்து ஆயிரக்கணக்கான செடிகளைத் திரட்டினார். அவர் நூல்களிற் செடிகள் கிடைத்த இடங்களைக் குறிக்குமிடத்துத் திண்டுக்கல் மலைகள் என்னும் பெயரும் காணப்படுதல், இப்பகுதியிற் பிறந்தார்க்கு உவகை தருவதாகும்.

இக்காலத்தை ஒட்டியே இரங்கையா என்னும் ஓவியர் அவரிடம் வந்து சேர்ந்தார். இரங்கையா தெலுங்கு பேசும் மரபினர் எனக் கருதப்படுகிறார். அவர் பிறந்த ஆண்டு இது, பெற்றோர் இன்னார் என்று ஏடுகள் கூறவில்லை. ஆனால், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வைட் எழுதிய எழுத்துக்கெல்லாம் கண்ணாக இருந்தவர் அவரே.

செடியை ஆராய்வார்க்கு ஓவியர் எதற்கு? வினா எளிதாகத் தோன்றினும் விடையில் ஒரு பெரும் உண்மை பொதிந்துள்ளது. காட்டிற் பறித்த செடியை இரு தாள்களினிடையே வைத்து அழுத்தி உலர்த்துவர். இலையின் நரம்பும் தண்டின் உறுதியும் அவ்வாறு உலர்ந்தும் நிலைக்கும். மலரோ அப்படியன்று, அதன் நிறம் மங்கும், வடிவம் நசுங்கும், இதழ் இதழோடு ஒட்டும். ஒரு செடியை மற்றொன்றினின்றும் பிரித்தறிய முதற்கருவியாயிருப்பது மலரே. எனவே, பறித்த சிலமணி நேரத்திற்குள், வாடுமுன், அதன் உண்மை உருவைத் தாளில் ஏற்ற வேண்டும். கிளையின் தோற்றத்தை மட்டும் வரைந்தாற் போதாது. மலரைக் கூரிய கத்தியாற் பிளந்து, மகரந்தத் தாள்களையும் சூலகத்தையும் விதையையும் தனித்தனியே எடுத்து, பூதக்கண்ணாடியிற் பெரிதாக்கி, எண்ணிக்கையும் அமைப்பும் பிறழாமல் எழுதல் வேண்டும். எதைப் பிளப்பது, எதைக் காட்டுவது என்று அறிபவர் வைத்தியர். கண்டதைக் கோட்டிலும் வண்ணத்திலும் பிழையறக் காட்ட வல்லவர் ஓவியர். ஒருவர் ஓரிடத்திலும் மற்றவர் வேறோரிடத்திலும் இருப்பின் இத்தொழில் நடவாது. ஒரே மலரை இருவரும் ஒரே வேளையிற் காண வேண்டும்.

இரங்கையாவின் படங்களை நோக்குவார் மற்றொன்றையும் உணர்வர். இலையின் வளைவிலும் கொடியின் சுருளிலும் நம் நாட்டு ஓவியருக்கு இயல்பான ஒழுங்கும் நயமும் பொலிகின்றன. பூவின் உள்ளுறுப்புக்களிலோ ஐரோப்பிய நூன்முறையின் கண்டிப்பு விளங்குகின்றது. இரண்டும் ஒரே தாளில் ஒன்றையொன்று கெடுக்காமல் அமைந்ததே அவர் வெற்றி.

நிற்க. வைட்டின் முயற்சிக்கு விரைவில் ஓர் இடையூறு நேர்ந்தது. 1828ஆம் ஆண்டு சென்னை அரசாங்கத்தார் செலவைச் சுருக்கக் கருதி அவர் வகித்த உத்தியோகத்தையே எடுத்துவிட்டனர். திரட்டப்பட்ட பொருள்கள் இலண்டனுக்குக் கப்பலேறின. வைட் நாகப்பட்டினத்திற்குப் படைவைத்தியராக அனுப்பப்பட்டார். பிறரெனின் இம்மட்டில் ஓய்ந்திருப்பர். அவரோ உத்தியோகம் போயினும் தொழிலை விட்டாரல்லர். வைத்திய வேலை ஒழிந்த நேரங்களிற் செடி தேடினார். ஓவியரையும் தம் சொந்தப் பொறுப்பில் வைத்துக் காத்தார். கிளாஸ்கோ நகரத்துப் பேராசிரியர் ஹூக்கருக்குச் செடிகளையும் படங்களையும் அனுப்பினார். ஹூக்கர் அவற்றுட் சிலவற்றை 1830ஐ அடுத்த ஆண்டுகளில் தம் வெளியீட்டில் அச்சிட்டார். நாகப்பட்டினக் கரையில் ஒரு தமிழகத்து ஓவியர் எழுதிய மலர், ஆறாயிரம் மைலுக்கப்பால் அறிஞர் மேசையில் விரிந்தது!

1831இல் வைட் விடுமுறை பெற்றுத் தாய்நாடு சென்றார். ஏறத்தாழ ஓர் இலட்சம் உலர்செடிகளை உடன்கொண்டு சென்றார். அவற்றின் நிறை மட்டும் 2 டன் என்ப. அங்கு வாக்கர் ஆர்னட் என்னும் அறிஞரோடு சேர்ந்து தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய பெருநூல் ஒன்றை எழுதத் தொடங்கி, அதன் முதற்பகுதியை 1834இல் வெளியிட்டார். தென்னாட்டுச் செடிகளை இயற்கை முறையில் வகுத்துரைத்த அரிய நூல் அது. எனினும், முதற்பகுதியோடு அது நின்றுபோயிற்று. சொற்களாலாகிய அந்நூலைப் படங்களால் நிறைவு செய்ய வேண்டுமென்னும் எண்ணமே வைட்டின் பிற்கால வாழ்வை நடத்தியது.

1834இல் மீண்டும் இந்தியா வந்தவர், பெல்லாரியிற் படையோடு சேர்ந்து, அங்கிருந்து பல நூறு மைல் கடந்து பாளையங்கோட்டை வந்தார். வழிநெடுகச் செடிகளைத் திரட்டினார். குற்றால மலைச்சாரலையும் ஆராய்ந்தார். 1836இல் அரசாங்கத்தார் அவரை வருவாய்த்துறைக்கு மாற்றிப் பருத்தி, புகையிலை, நிலாவிரை முதலிய விளைபொருள்களைப் பற்றி ஆராயப் பணித்தனர். அவ்வாண்டே அவர் பழனி மலைகளில் ஏறினார். அப்பொழுது கோடைக்கானல் என்னும் நகர் இல்லை. அமெரிக்க மிஷனரிமார் அங்கு இல்லம் அமைத்தது 1845ஆம் ஆண்டிலேயாம். 1821இல் வார்டு என்னும் படைத்தலைவர் அம்மலைகளை அளந்து எழுதியிருந்தார். அவருக்குப் பின் செடிநூற் கண்கொண்டு அம்மலைகளைக் கண்ட முன்னோடி வைட். வறண்ட சமவெளியில் முட்செடிகளையும், நடுச்சாரலில் அடர்ந்த மரங்களையும், உச்சியில் புல்வெளிகளையும் சோலைகளையும் ஒரே பயணத்திற் காணத்தக்க இடம் அது. வராககிரி என்றும் வழங்கும் அம்மலைகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1837இல் சென்னையில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதழில் வந்தது.

படங்களை அச்சேற்றுவது எங்ஙனம்? ஐரோப்பாவிற்கு அனுப்பிச் செப்புத் தகட்டிற் செதுக்குவித்தல் பெருஞ்செலவாகும், காலமும் நீளும். வைட் கல்லச்சு முறையைக் கையாண்டார். வழவழப்பான சுண்ணக்கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் உருவை எழுதுவர். கல்லை நீரால் நனைத்துப் பின் அச்சுமையைத் தடவினால், நனைந்த இடம் மையை ஏலாது; எண்ணெய்க் கோடு மட்டும் ஏற்கும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். நீரும் எண்ணெயும் கலவாமை என்னும் எளிய இயல்பே இக்கலைக்கு அடிப்படை. வைட் இதனைத் தாமே முயன்று கற்றுச் சென்னையிலேயே அச்சிடுவித்தார். முதலில் வந்த படங்களிற் குறைகள் பல இருந்தன; தாளும் மையும் இந்நாட்டு வெம்மைக்கு இணங்கவில்லை. கைபழகப் பழகப் படங்கள் தெளிவுற்றன.

1838ஆம் ஆண்டு தொடங்கி அவருடைய இரு பெருநூல்கள் பகுதி பகுதியாக வெளிவந்தன. அவ்வாண்டே சென்னையில் ரோசா ஹாரியட் என்னும் நங்கையை மணந்து இல்லறமும் மேற்கொண்டார். ஒன்று இந்தியத் தாவரங்களை விளக்கும் வண்ணப்பட நூல். 180க்கு மேற்பட்ட படங்களை உடையது. மற்றொன்று கிழக்கிந்தியத் தாவர உருவங்கள் என்னும் பொருள்படும் இலத்தீன் பெயர் பூண்டது. 1853இல் அது முற்றுப்பெற்றபோது 6 தொகுதிகளும் 2101 படங்களும் கொண்டு விளங்கியது. இவையன்றி நீலகிரிச் செடிகளுக்கெனத் தனிநூலும் செய்தார். பதினைந்து ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் எனின், மூன்று நாளைக்கு ஒரு படத்திற்குக் குறையாத கணக்கு. அவற்றுட் சில பிறர் வரைந்த படங்களைப் பார்த்துப் பெயர்த்தெழுதியவை எனினும், பெரும்பகுதி உயிர்ச்செடியையோ உலர்செடியையோ முன்வைத்து இரங்கையாவும், 1840ஐ அடுத்த ஆண்டுகளின் நடுவில் அவருக்குப்பின் வந்த கோவிந்து என்னும் ஓவியரும் எழுதியவை. இத்துணையும் ஒரு வைத்தியர் தம் உத்தியோக வேலையோடு செய்து முடித்தார் என்பது வியப்பினும் வியப்பே.

1842 முதல் 1853 வரை வைட் கோயமுத்தூரில் அமெரிக்கப் பருத்தி பயிரிடும் சோதனைப் பண்ணைகளை மேற்பார்த்தார். இங்கிலாந்து தேசத்து ஆலைகளுக்கு நீண்ட இழைப்பருத்தி வேண்டியிருந்தமையே கம்பெனியார் அதில் ஊக்கங் காட்டியதற்குக் காரணம். நம் உழவர் வளம் அவர்க்கு முதல் நோக்கமன்று. பண்ணைகளும் கருதிய பயனைத் தரவில்லை. வைட்டின் வாழ்வை எழுதுவோர் இதனை மறைத்தல் தகாது. அவர் கம்பெனியின் ஊதியம் பெற்ற ஊழியர். அவர் ஆராய்ச்சியும் வாணிகத்தின் நிழலிலேயே நடந்தது. ஆனால், வாணிகத்திற்கெனச் செய்த பருத்திச் சோதனை மங்கிப்போக, அறிவின் பொருட்டுச் செய்த செடிப்படங்கள் நிலைத்து நிற்கின்றன.

1853இல் வைட் வேலையினின்றும் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். 1855இல் இலண்டன் ராயல் சங்கத்தார் அவரைத் தம் உறுப்பினராக ஏற்றனர். ரெடிங் நகரை அடுத்த கிரேஸ்லி என்னும் சிற்றூரில் உழவுத்தொழில் செய்து வாழ்ந்தார். தாம் திரட்டிய செடித்தொகுதியை 1871இல் கியூ தோட்டத்தாருக்கு அளித்துவிட்டு, 1872ஆம் ஆண்டு மேத் திங்கள் 26ஆம் நாள், தம் 75ஆம் வயதில், இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் பெயரைத் தாங்கிய செடிகள் பல. நம் வைத்தியர்கள் வழங்கும் குக்கில் மரத்தின் இலத்தீன் பெயரும் அவர் பெயரால் அமைந்ததே.

இனி, ஓவியரைப் பற்றிச் சில கூறுவோம். வைட்டுக்கு முன் ராக்ஸ்பரோ என்னும் பேரறிஞர் சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றி 300 படங்களுடன் அரிய நூல் செய்தார். அப்படங்களை எழுதியோர் இந்நாட்டு ஓவியரே. ஆனால் அவர்தம் பெயர் அந்நூலில் இல்லை. வைட்டின் நூல்களிலோ படத்தின் அடியில் எழுதிய ஓவியர் பெயர் அச்சாயிற்று. சிறிய எழுத்துத்தான், எனினும், அச்சிறிய எழுத்து இல்லாதிருந்தால் இரங்கையா என்றொருவர் இருந்தார் என்பதே மறைந்திருக்கும். இன்னும் ஒருபடி மேற்சென்று, 1853இல் தம் பெருநூலின் இறுதித் தொகுதியில், ஆர்க்கிட் வகைச் செடி ஒன்றைப் புதிய பேரினமெனக் கருதி, அதற்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். அரசருக்கும் ஆளுநருக்கும் சூட்டும் மாலையைத் தம் கூடத்து ஓவியருக்குச் சூட்டினார் என்க.

ஆயின், விதி வேறாயிற்று. அச்செடி முன்னரே வேறு பெயர் பெற்ற பேரினத்தைச் சார்ந்தது எனப் பின்வந்த அறிஞர் துணிந்தனர். முதலில் இட்ட பெயரே நிற்க வேண்டுமென்பது தாவர நூலார் கொண்ட நியதி. ஆகவே கோவிந்துவின் பெயர் வழக்கொழிந்து, பழம்பெயர்ப் பட்டியலில் ஒதுங்கியது. வைட் சென்ற பின்னும் கோவிந்து, பெட்டோம் என்னும் வனத்துறை அறிஞருக்காக மரங்களை வரைந்தார்; அதன்பின் அவர் வரலாறும் இருளில் மறைகின்றது. வைட்டின் பிறந்தநாளும் இறந்தநாளும் நாமறிவோம். அவர் கண்ணாயிருந்த இருவரின் ஊர் எது என்றும் அறியோம். ஒரே மேசையில் இருந்த மூவரில் ஒருவருக்கே வரலாறு வாய்த்தது! இக்குறையைச் சிறிதேனும் நீக்கியவர் எடின்பரோ தாவரத் தோட்டத்து அறிஞர் ஹென்றி நால்ட்டி. அங்குப் பாதுகாக்கப்பட்டுள்ள ஓவியங்களை ஆராய்ந்து 2007இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே வைட்டோடு இரங்கையா, கோவிந்து ஆகியோர் பெயர்களும் பொறிக்கப்பெற்றுள்ளன.

தமிழ் பயிலும் நமக்கு இச்சரிதம் வேறொன்றையும் நினைவூட்டுகின்றது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் அடுக்கப்பட்டுள்ளன. உலக இலக்கியத்தில் இதற்கு இணை காண்டல் அரிது. ஆயினும், அவற்றுட் சில எம்மலரைக் குறிப்பன என்பதில் உரையாசிரியரும் ஆராய்ச்சியாளரும் இன்றும் கருத்து வேறுபடுகின்றனர். பெயர் நின்றது, பொருள் ஐயத்திற்கிடமாயிற்று. கபிலரின் பக்கத்தில் ஓர் இரங்கையா இருந்திருப்பின் இவ்வழக்குத் தோன்றியிராது. வைட்டின் நூல்களிலோ இலத்தீன் பெயர் மாறினும் உருவம் மாறவில்லை. நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் படத்தைப் பார்ப்பார் செடியை அறிவர். சொல் தனித்து நின்றால் பொருளை இழக்கக்கூடும். படம் தனித்து நின்றால் அழகாய் மட்டும் அமையக்கூடும். இரண்டும் கூடினால் அன்றோ அறிவு அழியாது நிலைபெறும்?

இக்காலத்தில் மேனாட்டார் இவ்வுண்மையைப் புதிதாகக் கண்டார்போலப் போற்றுகின்றனர். ஜெனீவா நகரை அடுத்த சேர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தார், 2011இல் வகுத்த ஒரு திட்டத்தின்படி, கலைஞரை அழைத்துத் தம் நிலையத்திலேயே தங்கச் செய்து விஞ்ஞானிகளோடு உறவாட விடுகின்றனர். நம் பழனி மலைகளைப் பற்றியும், திருச்சிராப்பள்ளியில் இருந்து பணிசெய்த மத்தேயு அடிகளார் 1996இல் படநூலையும், 1999இல் விரிந்த தாவர நூலையும் வெளியிட்டு, வைட் தொடங்கிய பணியை நிறைவு நோக்கிச் செலுத்தினார். நெறி புதிதன்று, அதன் பழந்தடம் நம் ஊர் மலைகளிலேயே கிடக்கின்றது.

கல்லூரி அன்பர்களே! நம் கல்லூரியில் தாவர நூல் பயில்வார் ஒரு கட்டடத்திலும், தமிழ் பயில்வார் மற்றொரு கட்டடத்திலும் இருக்கின்றோம். ஓவியத்தில் கைவன்மை உடையார் எங்கோ ஒரு மூலையில் தம் தாளை மறைத்து வைத்திருக்கின்றனர். நாம் ஒருவர்க்கொருவர் அயலாராய் வாழ்வது ஏன்? சிறுமலைக்கு ஒருமுறை மூவரும் கூடிச் சென்றால், ஒருவர் மலரைப் பிளந்து காட்டலாம். ஒருவர் அதனை வரையலாம். ஒருவர் அங்குள்ள முதியோரை அணுகி அதன் தமிழ்ப்பெயரையும் பயனையும் கேட்டெழுதலாம். அம்முதியோர் மறையுமுன் அப்பெயர்களும் மறைந்துவிடும் காலம் இது. பத்துச் செடியாயினும் அவ்வாறு பதிவு பெறுமாயின், அஃது இம்மலரில் நாம் எழுதும் பல கட்டுரைகளினும் நெடுநாள் வாழும். அப்பதிவின் அடியில் மூவர் பெயரும் ஒரே அளவுள்ள எழுத்தில் அமைவதாக. இராபர்ட் வைட்டுக்கும், அவருக்குக் கண்ணாயிருந்த இரங்கையாவுக்கும் கோவிந்துவுக்கும் நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாம்.